ஹலாலும் தய்யிபும்: கோதுமை ஒவ்வாதவரின் ரொட்டி

 

அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் உணவைப் பற்றிப் பேசும் இடங்கள் பலவற்றில் ஹலால் என்னும் சொல்லோடு தய்யிப் என்னும் சொல்லையும் சேர்த்தே கூறுகின்றான். சூரத்துல் பகராவின் 168ஆம் ஆயத்தில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. அங்கே அழைக்கப்படுவோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். மனித குலம் முழுவதுமே அழைக்கப்படுகிறது. நாமோ முதற் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டோம். கடை வாசலில் ஹலால் முத்திரை தொங்குகிறதா, கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கேட்கத் தவறுவதில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டாவது சொல்லை, ஏதோ முதற் சொல்லுக்குச் சூட்டிய அணிகலன்போல் எண்ணிக் கடந்து போய்விடுகின்றோம். தய்யிப் என்றால் நல்லது, தூயது, உண்பவனுக்கு உகந்தது என்று பொருள். ஒருவனுக்கு ஹலாலாக இருக்கும் பண்டம் அவனுடைய உடலுக்குத் தய்யிபாக இல்லாமற் போகக்கூடுமா? கூடும். அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் இம்மாதம் பேச எண்ணுகின்றோம்.

கோதுமையே ஆகாத நோய் ஒன்று உண்டு. அந்நோய் கண்டவர்களுக்கென்று கோதுமை கலவாத ரொட்டியும் பலகாரமும் சுட்டு விற்கலாம் என்று யாரேனும் சொன்னால், நம்மில் பாதிப் பேர் சிரிக்கின்றோம். மீதிப் பேர் உடனே லாபக் கணக்குப் போடுகின்றோம். இரண்டும் அவசரமே. பினாங்கு வணிகர்களாகிய நமக்குக் கோதுமை மாவு வெறும் சரக்கன்று, பரம்பரைத் தொழில். காலையில் கல்லில் வீசிப் போடும் ரொட்டி சானாய், இரவில் முர்தபா, தெருத் தெருவாக மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகும் ரொட்டிக்காரர், டிரான்ஸ்பர் ரோட்டுப் பக்கம் அடுப்பிலிருந்து இறங்கும் ரொட்டி பெங்காலி! பெயர் பெங்காலியானாலும் சுட்டு விற்றுப் பெயர் வாங்கியவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள்தாம். மாவினால் வாழ்ந்த சமூகத்தாரிடம் சென்று, மாவு சிலருக்கு நஞ்சு என்றால் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் விஷயம் உண்மையானது.

சீலியாக் என்று அந்நோய்க்குப் பெயர். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் என்ற புரதப் பசை இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, ரொட்டி சானாய் போடுபவர் கைவீச்சில் துணிபோல் விரிகிறதே, அது அந்தப் பசையின் வேலைதான். இந்நோய் உள்ளவர் அதை உண்டால், அவருடைய உடலின் காவற்படையே அவருடைய குடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய தளிர்கள் போன்ற பகுதிகள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. சிலருக்குத் தீராத வயிற்றுப்போக்கு; சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாமல் இரத்தசோகை, எலும்புத் தேய்வு, வாய்ப்புண்; சில பெண்களுக்குக் கருத் தங்காமை; குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு. இது தொற்றுநோயன்று. பிறப்பிலேயே உடம்பில் அமைந்த ஒரு தன்மையோடு தொடர்புடையது. ஆகவே பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் என்று நெருங்கிய இரத்த உறவினரிடம் கூடுதலாகக் காணப்படும். மருந்து மாத்திரையால் தீராது. அந்தத் தானியங்களை ஆயுள் முழுவதும் விலக்குவது ஒன்றே வழி. விலக்கினால் குடல் மெல்ல மெல்லத் தேறிவிடும்.

உலகில் பல நாடுகளில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். அரிசி உண்ணும் நாடு நம்முடையது, இங்கே இது ஏது என்று எண்ணியிருந்தார்கள். மலேசியாவிலே நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்நோயின் அடையாளம் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவே காணப்பட்டது. இரத்தத்தில் அடையாளம் கண்ட அனைவருக்கும் நோய் உறுதி என்று சொல்வதற்கில்லை; எனினும் நம்மிடம் இல்லை என்று கைகழுவி விடுவதற்கும் இடமில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. பத்திரிகையில் படித்துவிட்டு இன்றைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இரத்தச் சோதனையும் குடற் சோதனையும் நோயைக் காட்டும். முதலில் மருத்துவர், பிறகு பத்தியம்.

இந்நோயின் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு நம் முதியவர்களின் நினைவைத் தொடக்கூடியது. 1888ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ என்பவர் இந்நோயை விவரித்து, இதற்கு மருந்து இருக்குமானால் அது உணவில்தான் இருக்கும் என்ற கருத்தைக் கூறியிருந்தார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தில், ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே என்பவருக்கு, உலகப் போருக்கு முன்பே கோதுமையின் மேல் ஐயம் விழுந்தது. 1944, 45 குளிர்காலத்தில் அந்நாட்டை மகா பஞ்சம் பீடித்தது. கோதுமை மறைந்தது, ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். ஊரெல்லாம் மெலிந்து வாடிய அக்காலத்தில் இந்நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்ப வந்தது. நோயும் திரும்ப வந்தது. டிக்கே தம் ஆராய்ச்சியை முடித்து 1950இல் வெளியிட்டார். அதே போர்க்காலத்தில்தான், 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை, நம் பினாங்கும் ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அன்று வேண்டாவெறுப்பாகத் தின்ற அந்த மரவள்ளியின் மாவே இன்று கோதுமை கலவாத ரொட்டிக்கு முதன்மையான பொருள்களில் ஒன்று. எதில் எவருக்கு நிஃமத்தை வைத்திருக்கின்றான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

நிற்க. நம் பெரியவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் எழக்கூடும். அல்லாஹ் அளித்த தானியத்தை ஆகாது என்று ஒதுக்குவது அவன் ஹலாலாக்கியதை ஹராமாக்குவது ஆகாதா என்பது ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாற்கோதுமை ரொட்டியை உண்டார்களே, தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி நோயாளியின் மனத்துக்கு இதமளிக்கும் என்று அறிவிப்பு வந்துள்ளதே, அதையும் விலக்கலாமா என்பது மற்றொன்று.

இவ்விரண்டுக்கும் விடையாக உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கின்றோம். பெருமானார் (ஸல்) அவர்களும் அலி (ரலி) அவர்களும் அந்த அம்மையாரின் இல்லத்துக்கு வந்தார்கள். அங்கே பேரீச்சங் குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பெருமானார் அதிலிருந்து உண்ணலானார்கள். அலியும் எழுந்து உண்ணப் போனார்கள். அலியோ அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தவர். வேண்டாம் என்று பெருமானார் தடுத்துவிட்டார்கள். பின்னர் அம்மையார் கீரையும் வாற்கோதுமையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவரவே, இது உமக்கு ஏற்றது என்று அலியை உண்ணச் சொன்னார்கள். கவனியுங்கள், சகோதரர்களே! ஒரே வீடு, ஒரே குலை. ஒருவர் உண்கிறார்; மற்றவர் தடுக்கப்படுகிறார். பேரீச்சம்பழம் அதனால் ஹராமாகிவிட்டதா? இல்லை. அலியின் உடல்நிலைக்கு அன்று அது தய்யிப் அல்ல, அவ்வளவுதான். அன்று அவருக்குப் பொருந்திய வாற்கோதுமை சீலியாக் நோயாளிக்குப் பொருந்தாது. அவருடைய குலை அதுவே. இந்த ஹதீதைக் கையில் வைத்துக்கொண்டு, கோதுமை உண்ணாத மருமகளை, இவள் கொழுப்பெடுத்தவள், ருசி பார்க்கிறாள் என்று ஏசுவதற்கு யாருக்கும் துணிவு வரலாகாது.

யஃகூப் (அலை) அவர்கள் தம்மளவில் ஓர் உணவை விலக்கிக் கொண்டார்கள் என்று ஆலு இம்ரான் சூராவின் 93ஆம் ஆயத்து கூறுகிறது. நோயின் பொருட்டு அவ்வாறு செய்தார்கள் என்பர் விரிவுரையாளர். விலக்குவது வேறு, ஹராம் என்று விதிப்பது வேறு. இதற்கு மேல் இதை வளர்த்த வேண்டியதில்லை.

வியாபாரத்துக்கு வருவோம். சூரத்துன் னிஸாவின் 29ஆம் ஆயத்தை ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். ஒருவர் பொருளை ஒருவர் முறைகேடாக விழுங்காதீர்கள், இரு தரப்பும் மனம் பொருந்திய வாணிபமாக இருக்கட்டும் என்ற கருத்தை அந்த ஆயத்து முன்வைக்கிறது. அதே ஆயத்தில், அதே மூச்சில், உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற கட்டளையும் வருகிறது. வாணிபத்தையும் உயிரையும் ஏன் ஒரே ஆயத்தில் வைத்தான்? ஆலிம்கள் பல விளக்கங்கள் தருவர். உணவு விற்கும் நமக்கோ விளக்கம் எளிது: நம் தராசுத் தட்டில் பிறர் உயிரும் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். வணிகர்களுக்குக் கணக்குச் சொன்னால்தான் மனத்தில் தைக்கும். குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அப்பசை இருக்கலாகாது என்று கோடெக்ஸ் என்னும் அகில உலக உணவு விதி கூறுகிறது. ஒரு கிலோ கோதுமை மாவில் அந்தப் பசை ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் வரை உண்டு. ஆக, ஒரு கிலோ அரிசி ரொட்டியில் கால் கிராம் மைதா விழுந்தாலே எல்லை தாண்டிவிடும். கால் கிராம் என்பது இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை! மாவு தூவிய மேசையில் ஒரு முறை கையை வைத்தால் அவ்வளவு ஒட்டிக்கொள்ளும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அரை கிராம் மாவளவு, மூன்று மாதம் தொடர்ந்து உட்கொண்டவர்களின் குடல் கெட்டதை ஆய்வில் கண்டிருக்கின்றார்கள். வாடிக்கையாளர் உடனே மயங்கி விழமாட்டார். கடைக்காரனை ஏசவும் மாட்டார். வீட்டுக்குள்ளே மெல்ல மெல்ல மெலிவார். அதுதான் இதில் அஞ்ச வேண்டிய இடம். சாட்சி இல்லாத அநியாயம் இது.

ஆகவே, ஏற்கனவே கோதுமை ரொட்டி சுடும் கடையின் மூலையிலே ஒரு தட்டைப் போட்டு, அதே அடுப்பில், அதே பலகையில், அதே கத்தியில் இதையும் செய்துவிடலாம் என்று எண்ணுவோர் அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. மாவுத் தூசி காற்றில் பல மணி நேரம் மிதக்கும். தனி இடம் வேண்டும். தனி அடுப்பு, தனிச் சல்லடை, தனித் துணி வேண்டும். வேலையாள் காலையில் ரொட்டி சானாய்க் கல்லில் நின்றுவிட்டு அதே சட்டையோடு இங்கே வரலாகாது. இது மிகையான பேணுதல் என்று யாருக்காவது தோன்றினால் அவரை ஒன்று கேட்போம். பன்றி இறைச்சி வதக்கிய சட்டியை நன்றாகக் கழுவிவிட்டேன், இதில் உங்களுக்கு மீ கோரேங் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் உண்போமா? கத்தியைக் கேட்கின்றோம், எண்ணெயைக் கேட்கின்றோம், கரண்டியைக் கேட்கின்றோம். பாத்திரத்தின் நம்பிக்கை என்னவென்று இவ்வுலகில் எவருக்கேனும் சொல்லாமலே விளங்குமாயின் அது நமக்குத்தான். அங்கே காரணம் மார்க்கம், இங்கே காரணம் நோய். ஆனால் உண்பவன் சமைப்பவனின் வாய்ச்சொல்லை நம்பி வாயில் வைக்கிறான் என்பது இரண்டிலும் ஒன்றே. அதனால்தான் இத்தொழிலுக்கு நம்மவர் மிகவும் பொருத்தமானவர் என்று கருதுகின்றோம்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் குளூட்டன் இல்லாத ரொட்டிகளில் ஜெலட்டினோ, மிருகக் கொழுப்பிலிருந்து எடுத்த சேர்மானமோ, சாராயத்தில் ஊறிய வெனிலா வாசனையோ இருக்கக்கூடும். முஸ்லிம் நோயாளி இரண்டு சல்லடைகளில் சலித்துத் தின்ன வேண்டியவராகின்றார். ஹலால் முத்திரை இருப்பதால் கோதுமை இல்லை என்றாகாது; கோதுமை இல்லை என்று எழுதியிருப்பதால் ஹலால் என்றும் ஆகாது. இரண்டும் ஒருங்கே கிடைக்கும் கடைக்குத் தேவை உண்டு என்பதை வணிகர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்வார்கள்.

என்ன சுடுவது? முதலில் ரொட்டியில் கைவைக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். பசையில்லாத மாவு காற்றைப் பிடித்து வைக்காது, பொங்காது, வெந்தாலும் உதிரும். அரிசி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவு இவற்றைக் கலந்து, இழுவைக்காக இசப்கோல் உமியைச் சேர்க்கின்றார்கள். ஆம், நம் வீட்டுப் பெரியவர்கள் மலச்சிக்கலுக்கு நீரில் கலக்கிக் குடிக்கும் அதே இசப்கோல்தான்! அதையோ சாந்தன் பசையையோ சேர்த்தால் மாவு ஓரளவு கட்டுப்படும். பிசையும் மாவாக இராது. இட்லி மாவுக்கும் கேக் மாவுக்கும் நடுத்தரமாக இருக்கும். அச்சில் ஊற்றித்தான் சுடவேண்டும். மறுநாளே காய்ந்துவிடும். ஆகவே சிறிது சிறிதாக, கேட்டவர்களுக்குக் கேட்ட நாளில் சுடுவதே நஷ்டமில்லாத வழி. கை பழகப் பல மாதமாகும். அதுவரை, பிறப்பிலிருந்தே கோதுமை அறியாத பலகாரங்கள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றனவே! இடியாப்பம், புட்டு, ஆப்பம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிய தொதல், வட்டிலப்பம். மலாய்ச் சகோதரர்களின் அரிசிமாவுக் குவே வகைகள். தொதலுக்கும் குவேக்கும் போடும் புலுட் அரிசியை ஆங்கிலத்தில் குளூட்டினஸ் என்று அழைப்பதால் அதில் குளூட்டன் இருக்கிறதென்று பலர் மயங்குகின்றனர். அப்பெயர் அதன் ஒட்டும் தன்மையைக் குறிப்பது. அப்பசை அதில் கிடையாது.

ஆனால் அரிசிப் பலகாரம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. அரிசியை எந்த மில்லில் அரைத்தீர்கள்? அதற்கு முன் அந்த எந்திரத்தில் கோதுமை அரைத்தார்களா? ஆப்பம் மெத்தென்று வரவேண்டுமென்று ஒரு கைப்பிடி மைதா சேர்ப்பவர்கள் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவில் பிசைந்தது. அது விழுந்த சாம்பாரும் ஆகாது. சோயா சாஸில் கோதுமை உண்டு. மைலோ, ஹார்லிக்ஸ் முதலான மால்ட் பானங்களில் வாற்கோதுமை உண்டு. சேமியா கோதுமை, மஞ்சள் மீ கோதுமை. ரொட்டி சானாய் போட்ட கல்லிலேயே தோசை வார்ப்பது நம் உணவுக்கடைகளில் வழக்கம். அந்தத் தோசை அரிசி உளுந்துத் தோசைதான் என்றாலும் இந்நோயாளிக்கு அது கோதுமைத் தோசையே. நம் கடைக்கு வந்து ஒருவர் கேட்டால், தெரியாது, அல்லது ஒரே கல் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் எழுந்து போனால் போகட்டும். ஒரு வெள்ளி நஷ்டம், அவ்வளவே.

கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றான் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். ஈரத் தானியத்தை விற்காதே என்று அவர்கள் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறைக்காதே என்றுதான் சொன்னார்கள். ஈரத்தைக் கையால் தொட்டு அறியலாம். ரொட்டியில் கலந்த சிட்டிகை மாவைக் கண்ணாலும் அறிய முடியாது, நாவாலும் அறிய முடியாது. ஆகவே விற்பவன் தானே முன்வந்து சொன்னாலொழிய வாங்குபவனுக்கு வழியில்லை. மலேசிய உணவுச் சட்டமும் குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருந்தால் உறைமேல் குறிப்பிட வேண்டும் என்கிறது. சட்டத்துக்காக எழுதுவது ஒரு வகை. வாங்குபவர் கேட்குமுன் எழுதுவது வேறு வகை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியின் குறையைச் சொல்லி விற்குமாறு கூட்டாளிக்குச் சொல்லியனுப்ப, அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரும் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. இத்தொழிலில் இறங்குபவர் அந்தப் பணத்தை முன்கூட்டியே முதலோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். என்றாவது ஒரு நாள் ஒரு தட்டு ரொட்டியில் ஐயம் விழும்; விழுந்தால் அந்தத் தட்டை நோயாளிக்கு விற்கலாகாது. குப்பையில் கொட்டவும் வேண்டாம், அது வீண்விரயம். கோதுமை உண்ணும் சாதாரண ஜனங்களுக்கு, இது இன்ன ரொட்டி, ஐயம் விழுந்தது என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம், அல்லது ஏழைகளுக்கு அளிக்கலாம். அவர்களுக்கு அது ஹலாலும் தய்யிபும் ஆகும்.

விலையைப் பற்றித்தான் மனம் கூசுகிறது. கோதுமை கலவாத ரொட்டி சாதாரண ரொட்டியைவிடப் பன்மடங்கு விலை விற்கிறது. நோயாளியின் வயிற்றில் அடித்துப் பிழைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, விடை ஒரே சொல்லில் இல்லை. மாவு விலை அதிகம், இடம் தனி, சுடுவது கொஞ்சம், மிஞ்சினால் நஷ்டம், ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்கச் செலவு. இவையெல்லாம் சேர்ந்தால் விலை ஏறத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி கேட்டவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆனால் வேறு கடையில்லை, எங்கே போய்விடுவான் என்ற எண்ணத்தில் ஏற்றும் ஒவ்வொரு காசும் வேறு கணக்கில் எழுதப்படும். நாம் ஒன்று சொல்வோம்: பிறந்தநாள் கேக்குக்கும் விருந்துப் பலகாரத்துக்கும் நல்ல லாபம் வையுங்கள், தினசரி உண்ணும் ரொட்டிக்குக் குறைந்த லாபம் வையுங்கள். கேக் வேண்டாதவன் வாங்காமல் இருப்பான். ரொட்டி வேண்டாதவன் யார்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் ரொட்டிக்கு இன்னும் குறையுங்கள். நாம் சொன்ன இந்த முறை மார்க்கச் சட்டமன்று, வணிகர் மனச்சாட்சிக்கு விடுத்த வேண்டுகோள்.

முதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது அடுப்பு, புது எந்திரம் என்று வட்டிக் கடனில் தொடங்க வேண்டியதில்லை. வீட்டு அளவில், கைமாற்றாகக் கிடைக்கும் சிறு முதலில், ஓர் அடுப்போடு தொடங்கலாம். வீட்டில் கோதுமை புழங்காத நிலைமை இருந்தால் மட்டுமே வீட்டு அடுப்பு. இல்லாவிடில் அதுவும் ஆகாது. நோய் கண்ட பெண்ணொருத்தி தனக்கென்று சமைத்துப் பழகி, அந்தப் பழக்கத்தையே தொழிலாக்குவாளாயின் அது மிகவும் பொருத்தம். சாப்பிட்டால் தனக்கு என்ன ஆகும் என்று அறிந்தவளைவிட எச்சரிக்கையான சமையற்காரி வேறு யார்? கம்பெனிப் பதிவு, மாநகர் மன்ற உரிமம், உணவு கையாள்வோர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, ஹலால் சான்றிதழ் ஆகியவற்றை முறைப்படி பெற்றுக்கொள்ள வேண்டும். ஹலால் சான்றிதழ் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாமல், குளூட்டன் சோதனையைத் தனியே செய்ய வேண்டும் என்பதை மறுபடியும் நினைவூட்டுகின்றோம்.

இனி, இத்தொழிலில் இறங்காத நம்மெல்லோருக்கும் உரிய சங்கதி ஒன்று. விருந்தினரை வற்புறுத்தி ஊட்டுவது நம் குணம். கலியாண வீட்டில் ஒரு தட்டை மறுத்தால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும்; இன்னும் ஒரு வாய், ஒன்றும் செய்யாது என்று கையைப் பிடித்து வைப்போம். சீலியாக் நோயாளிக்கு அந்த ஒரு வாய் செய்யும். உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் உண்ணாமல் கையெடுத்துக்கொண்டார்கள். காலித் (ரலி) அவர்கள் அதே தட்டிலிருந்து உண்டார்கள். பரிமாறியவர் மனம் கோணியதாகவோ, உண்ணாதவரை வற்புறுத்தியதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை. நம் விருந்துகளிலும் வேண்டாம் என்ற சொல் ஒரு முறை சொன்னால் போதும் என்றிருக்கலாம்.

ரமலான் வருகிறது என்றால் பினாங்குப் பள்ளிவாசல்களில் அஸருக்கு முன்பே நோன்புக் கஞ்சி கொதிக்கத் தொடங்கிவிடும். 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளி முதல் சிறு மதரஸா வரை, ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில் குவளையேந்தி நிற்பது நாம் பெருமைப்படும் காட்சி. அரிசியும் பருப்பும் வெந்தயமும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி இயல்பில் இந்நோயாளிகளுக்கும் ஏற்றதே. அது கெடுவது இரண்டு வழியில்தான். கஞ்சி கெட்டியாக வேண்டுமென்று கோதுமை நொய்யோ பார்லியோ சேர்ப்பது ஒன்று. சமோசாவும் ரொட்டியும் பிய்த்துப் போட்ட கையால் அகப்பையைப் பிடிப்பது மற்றொன்று. கஞ்சி காய்ச்சும் பெரியவர்களிடம் நிர்வாகிகள் நோன்புக்கு முன்பே இதைப் பேசிவிடட்டும். பெருங்காயமோ கடை மசாலாப் பொடியோ சேர்ப்பதாயின் அதன் உறையை எடுத்து வைத்திருந்து கேட்பவர்களுக்குக் காட்டட்டும். பானை திறந்தவுடன், பலகாரத் தட்டுகள் வெளியே வருமுன், மூடியிட்ட சில பாத்திரங்களில் கஞ்சியை எடுத்துத் தனி அலமாரியில் வைத்து, கோதுமை ஒவ்வாதவர்க்கு என்று தமிழிலும் மலாயிலும் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் போதும். முதல் நாள் யாரும் வந்து கேட்கவில்லையே என்று மறுநாள் நிறுத்திவிட வேண்டாம். கேட்கக் கூச்சப்பட்டு வீட்டிலேயே தனியே நோன்பு திறப்பவர்கள் எத்தனை பேர் என்பது, பாத்திரம் சில நாள் அங்கே இருந்த பிறகுதான் தெரியவரும்.